யானை இல்லாத ஒத்திகை

ஒரு காட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் தாய் விலங்குகள் எல்லாம் ஆற்றின் அந்தக் கரையிலும், மற்ற விலங்குகள் எல்லாம் இந்தக் கரையிலும் இருக்கும். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் சமவெளி. பழமும் கிழங்கும் பசும்புல்லும் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் முழங்கால் வரை சேறுதான். பிறந்த குட்டியைக் கீழே விட்டால் துழாவித்தான் எடுக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்பாறை என்று ஒரு குன்று. அங்கே காய்ந்த குகைகள் உண்டு. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு வராது. ஆனால் சாப்பிடுவதற்குப் பாறையையும் பாசியையும் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

அதனால் மழை வலுப்பதற்கு முன்பே குட்டி போட்ட தாய்கள் எல்லாம் ஆற்றைக் கடந்து கரும்பாறைக்குப் போய்விடும். இரண்டு மாதம் அங்கேதான் வாசம். சாப்பாடு தினமும் இந்தக் கரையிலிருந்து போகும்.

குரங்கு தாண்டவராயன் மரம் மரமாகத் தாவிப் பழம் பறிக்கும். காட்டுப்பன்றி முத்தையன் கிழங்கு தோண்டும். இரண்டையும் புல்லோடு சேர்த்துப் பொதியாகக் கட்டி யானை மலையப்பனின் முதுகில் ஏற்றுவார்கள். மலையப்பன் ஆற்றில் இறங்கி அக்கரை போய்ச் சேரும். அங்கே வரையாடு குறிஞ்சி பொதியைப் பிரித்துக் கொம்பில் மாட்டிக்கொண்டு பாறை ஏறும். மேலே பவளாயி என்ற முயல் வாங்கி, குகை குகையாகப் போய்ப் பங்கிட்டுக் கொடுக்கும்.

வருடா வருடம் இப்படித்தான் நடந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவறாததற்குக் காரணம் மலையப்பன்.

மலையப்பனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாது. எறும்பு வந்து, "இந்த இலையைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்" என்றால்கூட, "சரிங்க" என்று சொல்லித் தள்ளிப் போடும். வெள்ளம் எவ்வளவு இழுத்தாலும் அது பாட்டுக்கு நடந்து போய்விட்டு வந்துவிடும். ஆகவே எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் இருவாச்சிப் பறவை அலகேசன்.

அலகேசனுக்கு எப்போதும் கவலைதான். இருவாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அலகு அதன் உடம்பில் பாதி இருக்கும். தாய் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னத் துவாரம் மட்டும் விட்டுவிட்டு முட்டையை அடைகாக்கும். வெளியே போகாது. அப்பாதான் பழம் கொண்டுவந்து துவாரம் வழியாக ஊட்ட வேண்டும். சென்ற கோடையில் ஒரு பருந்து அலகேசனைத் துரத்தியது. ஒரு முழு நாள் அது புதருக்குள் ஒளிந்து கிடந்தது. அந்த ஒரு நாள் பொந்துக்குள் அம்மாவும் குஞ்சும் பட்டினி. மறுநாள் அலகேசன் போனபோது குஞ்சு வாயைத் திறக்கக்கூடச் சோம்பிக் கிடந்தது. பிழைத்துக்கொண்டது, நல்ல வேளை. ஆனால் அன்றிலிருந்து அலகேசனுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆலமரத்தடியில் கூட்டம் நடந்தது. தலைமை, மயில் சிகாமணி. காட்டில் யாருக்கும் தலைவராக ஆசை இல்லை. சிகாமணிக்கு மட்டும் இருந்தது. அதனால் அது தலைவராயிற்று.

"அன்பார்ந்த வனவாசிகளே!" என்று சிகாமணி ஆரம்பித்தது. அதற்குச் சாதாரணமாகப் பேச வராது. தண்ணீர் கேட்டால்கூட மேடையில் பேசுவது போலத்தான் கேட்கும். "இவ்வாண்டும் நமது பொதிப் பணி சிறப்புற நடைபெறும் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். அலகேசன் சிறகைத் தூக்கியது.

"ஒரு சந்தேகம். மலையப்பண்ணனுக்கு ஒரு நாள் முடியாமப் போச்சுன்னா, பொதி எப்படி அக்கரைக்குப் போகும்?"

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது.

"அடப்பாவி, வாயைக் கழுவு!" என்று கத்தியது தாண்டவராயன்.

"நல்ல காரியம் பேசுற இடத்துல பேசுற பேச்சா இது?" என்றது முத்தையன். "மூணு தடவை துப்பு. துப்பிட்டு உட்காரு."

மலையப்பனுக்கே பயம் வந்துவிட்டது. தும்பிக்கையால் தன் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் இல்லையே? நல்லாத்தானே இருக்கேன்?"

அந்தக் காட்டில் அப்படி ஒரு பழக்கம். கெட்டது எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் நடந்துவிடும். சொல்லாமலே இருந்தால் நடக்காது என்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அலகேசன் மூன்று தடவை துப்பியது. துப்பிவிட்டு மறுபடியும் சிறகைத் தூக்கியது. பிடிவாதக்காரப் பறவைதான்.

"போன கோடையில ஒரே ஒரு நாள் நான் போகலை. என் குஞ்சு போயிருக்கும். ஒரே ஆளை நம்பியிருந்தா அப்படித்தான். மலையப்பண்ணனுக்கு எதுவும் வர வேணாம். அது நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஆனா அது இல்லாத ஒரு நாளைக்கு நாம என்ன செய்வோம்னு இப்பவே பழகி வச்சுக்கலாமே?"

"எப்படிப் பழகுறது?" என்றது முத்தையன்.

அலகேசன் யோசித்து வைத்திருந்தது. இந்தக் கரையில் ஒரு மருதமரம் இருக்கிறது. அந்தக் கரையில் ஒரு நாவல்மரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கு மேலே ஒரு முறுக்குக்கொடியைக் கட்ட வேண்டும். அதில் ஒரு கூடையைத் தொங்கவிட வேண்டும். கூடைக்கு இரண்டு பக்கமும் இழுகொடி. அக்கரையில் குறிஞ்சி இழுத்தால் கூடை போகும். இக்கரையில் இழுத்தால் வெறுங்கூடை திரும்பி வரும்.

"கொடியை நான் அலகுல கவ்விக்கிட்டு அக்கரைக்குப் பறந்துடுவேன். ஆனா முடிச்சுப் போடணும், சேர்ந்து இழுக்கணும், சரியான நேரத்துல விடணும். ஒரு வாரம் தினம் தினம் செஞ்சு பார்த்தாதான் கை படியும். அந்த ஒரு வாரமும் மலையப்பண்ணன் இந்தப் பக்கமே வரக் கூடாது."

"ஒத்திகை!" என்று துள்ளி எழுந்தது சிகாமணி. அதன் கண்கள் பளபளத்தன. "அற்புதம்! மாபெரும் ஒத்திகைத் திருவிழா!"

சிகாமணிக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதை விழாவாக்கிவிடும். மாமரம் பூத்தால் விழா. காய்த்தால் விழா. அந்தக் காய் விழுந்து நரியின் மண்டை வீங்கியபோது, வீக்கம் வடிந்ததற்கு ஒரு விழா.

"திருவிழா வேணாங்க, பழகினாப் போதும்," என்றது அலகேசன்.

"தம்பி, மங்களகரமாகச் செய்ய வேண்டும். ஒரு வாரம் எதற்கு? விழா என்றால் ஒரு நாள்தான். வரவேற்புக் குழு, தோரணக் குழு, விருந்துக் குழு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

விருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் தாண்டவராயன் கைதட்டியது. பிறகு எல்லாரும் தட்டினார்கள். அலகேசனின் பேச்சு அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று.

ஆனாலும் அலகேசன் சும்மா இருக்கவில்லை. முத்தையனைத் தாஜா செய்து நல்ல காட்டுக்கொடியாகத் தோண்டி எடுக்கவைத்தது. தாண்டவராயனின் காலைப் பிடித்து முறுக்கவைத்தது. நீளமான கொடி ஒன்று தயாராயிற்று. அதைச் சுருட்டி மருதமரத்தடியில் வைத்தார்கள்.

மழை தூற ஆரம்பித்தது. தாய்களும் குட்டிகளும் கரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்தன. பவளாயி அந்த வருடம் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் அளவு.

ஒத்திகை நாளும் வந்தது.

அலகேசன் விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு வந்து பார்த்துத் திகைத்துவிட்டது. எங்கு பார்த்தாலும் பூ. எங்கு பார்த்தாலும் மாவிலை. நடுவே ஓர் உயரமான கல்மேடை. மேடை மேல், கழுத்து நிறைய மாலையோடு, சிறப்பு விருந்தினராக யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்?

மலையப்பன்.

"நீ ஏண்ணே வந்தே?" என்று அலறியது அலகேசன். "நீ இல்லாம எப்படிச் செய்யுறதுன்னு பார்க்கத்தானே இந்த ஒத்திகையே!"

"சிகாமணி கூப்பிட்டுச்சு," என்றது மலையப்பன் பாவமாக. "எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"ஒத்திகையே மலையப்பனைப் பற்றியது," என்றது சிகாமணி. "அவரை அழைக்காமல் விழா எடுப்பது மரியாதையா?"

வரவேற்புரை நடந்தது. பிறகு வாழ்த்துரை. வரவேற்புரைக்கு ஒரு பாராட்டுரை. குயில் இரண்டு முறை பாடியது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. விருந்து வாசனை எங்கிருந்தோ வர, தாண்டவராயன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றது.

"இப்போது ஒத்திகை!" என்று அறிவித்தது சிகாமணி. அண்ணாந்து பார்த்தது. தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. தோகை நனைந்தால் சிகாமணிக்குப் பிடிக்காது. "கொடியைக் கட்டி, கூடையை மாட்டி, இழுத்து... நேரம் ஆகிவிடுமே."

"பசி வேற எடுக்குது," என்றது தாண்டவராயன்.

"பொதி அக்கரைக்குப் போக வேண்டும். அவ்வளவுதானே? தம்பி மலையப்பா, நீ இல்லாதது போலவே, இந்தப் பொதியைக் கொஞ்சம் அக்கரையில் வைத்துவிட்டு வந்துவிடேன்."

"சரிங்க," என்று எழுந்தது மலையப்பன். பிறகு தயங்கியது. "இல்லாத மாதிரின்னா, எப்படிங்க நடக்குறது?"

சிகாமணி யோசித்தது. "கண்ணை மூடிக்கொண்டு போ. நாங்களும் உன்னைப் பார்க்க மாட்டோம்."

மலையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. கரையில் இருந்த எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அலகேசன் மட்டும் திரும்பவில்லை. அதற்கு அழுகை அழுகையாக வந்தது.

பொதி அக்கரை போய்ச் சேர்ந்தது. ஒரே ஆரவாரம்! சிகாமணி ஒரு பெரிய தேக்கிலையை எடுத்து, நடந்ததை எல்லாம் அலகால் கீறிக் கீறி எழுதி, கடைசி வரிகளை உரக்கப் படித்தது.

"யானை இல்லாத குறையை யானையே தீர்த்துவைத்தது. ஒத்திகை மாபெரும் வெற்றி!"

எல்லாரும் விருந்துக்கு ஓடினார்கள். மலையப்பன் கண்ணை மூடியபடியே திரும்பி வந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 'போதும், திற' என்று யாரும் சொல்லாததால் அது திறக்கவும் இல்லை. நடு ஆற்றில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அதன் முன்னங்கால் சிக்கியது. உருவியபோது 'மடக்' என்று ஒரு சத்தம்.

மறுநாள் காலை அந்தக் கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மலையப்பனால் எழுந்து நிற்க முடியவில்லை. அன்றைக்குத்தான் மழையும் பேய் மழையாகப் பிடித்துக்கொண்டது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

பொதி போகும் நேரம் தாண்டியது. அக்கரையில் குறிஞ்சி வந்து நின்று கூப்பிட்டது. "என்னாச்சு? பொதியைக் காணோமே! மேல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

இந்தக் கரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பதற வேண்டாம்!" என்றது சிகாமணி. "நாம் ஒத்திகை பார்த்தவர்கள். குறிப்பு இருக்கிறது!" தேக்கிலையைக் கொண்டுவந்து பிரித்தது. மழையில் ஊறிப் பாதி கிழிந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. "யானை இல்லாதபோது... ம்... யானை கண்ணை மூடிக்கொண்டு செல்ல வேண்டும்."

எல்லாரும் மலையப்பனிடம் ஓடினார்கள். "அண்ணே, கண்ணை மூடு!"

"சரிங்க," என்று மலையப்பன் கண்ணை மூடியது. ஊன்றி எழப் பார்த்தது. "அம்மாடி!" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டது. "மூடினாலும் வலிக்குதுங்க."

அப்போதுதான் அந்தக் காட்டுக்கு உறைத்தது.

"கொடி!" என்றது முத்தையன். "நாம முறுக்கின கொடி எங்கே?"

மருதமரத்தடியில் கொடி இல்லை. தேடினார்கள். கடைசியில் தலைக்கு மேலே இருந்தது. துண்டு துண்டாக வெட்டி, மாவிலை செருகி, மரத்துக்கு மரம் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டும் பன்றியின் வால் நீளம்கூட இல்லை.

"தோரணக் குழு..." என்று மெதுவாக ஆரம்பித்தது சிகாமணி. அலகேசன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டது.

திட்டுவதற்கு நேரம் இல்லை. முத்தையன் கொட்டும் மழையில் புதுக்கொடி தோண்டப் போயிற்று. தாண்டவராயன் முறுக்க உட்கார்ந்தது. அலகேசன் ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் பறந்தது. ஒரு தடவைக்கு ஒரு பழம். காற்று தள்ளியது. பத்துத் தடவை போய் வந்தபோது சிறகு கனத்துவிட்டது. மேலே இருபது வயிறு, பத்துப் பழம். தாய்கள் ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளின.

மறுநாள் கொடியும் இழுகொடிகளும் தயார். அலகேசன் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு போய் நாவல்மரத்தைச் சுற்றி வர, குறிஞ்சி கொம்பால் இறுக்கியது. கூடையில் பொதியை வைத்தார்கள். தாண்டவராயன் மருதமரத்தில் முடிச்சைப் போட்டு, அது அவிழாமல் ஒரு கையாலும் இழுகொடியை மறு கையாலும் பிடித்துக்கொண்டது. கூடை ஆடிக்கொண்டே கிளம்பியது. பாதி ஆறு போயிற்று.

அப்போது ஒரு தும்பி பறந்து வந்தது. தாண்டவராயன் ஒரு கையால் அதைப் பிடிக்கப் போனது. குரங்கு அல்லவா? முடிச்சு நழுவியது. கூடை தலைகுப்புறக் கவிழ்ந்தது. நல்ல பலாச்சுளைகள் எல்லாம் வெள்ளத்தோடு போயின.

"ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியாதா உன்னால?" என்று உறுமியது முத்தையன். "நீ முடிச்சை மட்டும் பிடி, இழுகொடியை நான் பிடிக்கிறேன்!"

முத்தையன் பல்லால் கவ்வியது. முத்தையன் ஒன்றைக் கவ்வினால் விடாது. கிழங்கானாலும் சரி, வம்பானாலும் சரி. இரண்டாவது கூடை கிளம்பியது. அக்கரையில் குறிஞ்சி இழுத்தது. இக்கரையில் முத்தையன் விட வேண்டும். அது விடவில்லை. இரண்டு பக்கமும் இழுக்க, கூடை நடு ஆற்றில் நின்று நடுங்கியது.

"விடு, முத்தையா!"

"ம்ம்ம்!" என்றது முத்தையன். வாயைத் திறந்தால்தானே பேச முடியும்?

இழுகொடி அறுந்து, கூடை கவிழ்ந்தது. இரண்டாவது பொதியும் போயிற்று.

"எல்லாம் உன்னாலே!"

"உன்னாலேதான் முதல்ல!"

இரண்டும் கத்திக்கொண்டிருக்கும்போது அக்கரையிலிருந்து குறிஞ்சியின் குரல் வந்தது. முன்பு மாதிரி சத்தமாக இல்லை.

"பவளாயிக்குப் பால் வத்திப்போச்சு. குட்டிங்க நாலும் கத்தக்கூடத் தெம்பில்லாம படுத்திருக்கு. இன்னிக்குள்ள ஏதாச்சும் அனுப்புங்க. இல்லேன்னா நாளைக்கு அனுப்பி..."

குறிஞ்சி தலையைத் திருப்பிக்கொண்டது.

இந்தக் கரையில் எல்லாரும் தலை குனிந்தார்கள். வெட்கமாக இருந்தது. விருந்தில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தது தாண்டவராயனுக்கு ஞாபகம் வந்தது. கொடியை ஒரு தடவையாவது மரத்தில் கட்டிப் பார்க்காமல் விட்டோமே என்று முத்தையன் தன்னையே நொந்துகொண்டது. சிகாமணி ஒன்றும் பேசவில்லை. அது பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தார்கள்.

"இப்ப பழகலாம்," என்றது அலகேசன். "பொதி வேணாம். கூடையில கல்லைப் போடுங்க. கல் போனா போகட்டும்."

கொடியை ஒட்டுப்போட்டு மறுபடி கட்டினார்கள். வெறும் கல்லை ஏற்றி அனுப்பினார்கள். முதல் கல் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது கல்லும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தபோது அலகேசன் ஒன்றைக் கவனித்தது.

"முத்தையா, உனக்கு விடத் தெரியாது. அப்ப விடவே வேண்டாத வேலையைச் செய். அந்தப் பெரிய கொடியோட முடிச்சைக் கவ்விக்கிட்டு மரத்தடியில படுத்துக்க. தாண்டவராயா, உனக்குச் சும்மா இருக்க முடியாது. நீ கூடையில ஏத்துறதையும் இறக்குறதையும் பாரு. நிக்கவே வேணாம், ஓடிக்கிட்டே இரு."

"இழுகொடியை யார் விடுறது?" என்றது தாண்டவராயன்.

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மழையில் நனைந்து, தோகை வாடிப்போய், மூலையில் நின்றுகொண்டிருந்தது சிகாமணி.

"நான் செய்யட்டுமா?" என்றது. அன்றைக்குத்தான் அது சாதாரணமாகப் பேசியது. "குறிஞ்சி தலையாட்டினா விடணும். கூடை திரும்பி வரணும்னா இழுக்கணும். அவ்வளவுதானே?"

நான்காவது கல் அக்கரை போய்ச் சேர்ந்தது. ஐந்தாவதும் சேர்ந்தது. ஆறாவது கூடையில் கல் இல்லை. வெல்லக்கட்டி போல் இனிக்கும் கிழங்கும், பிஞ்சுப் புல்லும் இருந்தன. கூடை ஆடிக்கொண்டே போயிற்று. நடு ஆற்றில் காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. முத்தையன் கண்களை மூடிக்கொண்டு முடிச்சைக் கவ்வியபடி கிடந்தது.

குறிஞ்சி கொம்பை நீட்டிக் கூடையை இழுத்துக்கொண்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் பதினொரு கூடைகள் போயின. மலையப்பனின் ஒரு பொதிக்கு அது பாதிகூட இல்லை. ஆனால் எல்லா வயிற்றுக்கும் கொஞ்சம் போயிற்று. பவளாயி பிஞ்சுப் புல்லைத் தின்றது, அழுதது, மறுபடி தின்றது. மறுநாள் மதியம் குறிஞ்சி பாறை விளிம்பில் நின்று கத்தியது: "நாலும் பால் குடிக்குது! நாலும்!"

மலையப்பன் படுத்த இடத்திலிருந்து ஒரு பிளிறு பிளிறியது. காடே கேட்டது.

மலையப்பனின் கால் ஆற ஒரு மாதம் பிடித்தது. அதுவரை கூடைதான். தினமும் செய்யச் செய்யக் கை படிந்துவிட்டது. கடைசி வாரத்தில் தாண்டவராயன் தும்பி பிடித்துக்கொண்டே பொதி ஏற்றும் அளவுக்குத் தேறியது.

மழைக்காலம் முடிந்து தாய்கள் இறங்கி வந்தன. கரையில் பழைய வாசனை அடித்தது. மாவிலை வாசனை.

"அன்பார்ந்த வனவாசிகளே!" சிகாமணிக்கு வியாதி திரும்பியிருந்தது. "இம்மாபெரும் கூடை வெற்றி விழாவில் நமது அருமைச் சகோதரி பவளாயிக்கு மாலை அணிவித்து..."

பவளாயி மேடையேறியது. நான்கு குட்டிகளும் பின்னாலேயே ஏறின. மாலை பவளாயியை விடப் பெரிதாக இருந்தது. அது மாலையைத் தள்ளி வைத்தது.

"எனக்கு மாலை வேணாங்க. ஒரு வாக்கு குடுங்க."

"கேளுங்கள், சகோதரி!"

"ஒத்திகைக்கு நாள் குறிக்கிறது நீங்க இல்ல. நாங்கதான் குறிப்போம். பசிக்கப் போறது எங்களுக்குத்தானே? முன்னாடியே சொல்ல மாட்டோம். நல்ல நாள், கெட்ட நாள் பார்க்க மாட்டோம். பாறை மேலேருந்து ஒரு குரல் குடுப்போம். அந்த நிமிஷமே மலையப்பண்ணன் இல்லேன்னு அர்த்தம். அதுக்கு எல்லாரும் சம்மதமா?"

"இல்லேன்னு சொல்றது அபசகுனம் ஆச்சே..." என்று வழக்கம்போல ஆரம்பித்தது தாண்டவராயன். பவளாயியின் கடைக்குட்டி அண்ணாந்து அதைப் பார்த்தது. தாண்டவராயன் மீதியை விழுங்கிவிட்டது.

"சம்மதம்," என்றது முத்தையன். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த வருடம் மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை நல்ல மழை. மலையப்பன் முதுகில் பொதி ஏற்றியாயிற்று. அது புறப்படுவதற்கு முன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சிகாமணி ஒரு கல் மேல் ஏறியிருந்தது. மலையப்பன் ஒரு காலைத் தூக்கி ஆற்றில் வைக்கப் போயிற்று.

பாறை மேலிருந்து பவளாயி ஏதோ சொல்ல, குறிஞ்சி அதைத் தொண்டை கிழியக் கத்தியது.

"இன்னிக்கு மலையப்பண்ணன் இல்லை!"

மலையப்பன் தூக்கிய காலைப் பின்னால் வைத்தது. பொதியை இறக்கியது. கரையோரத்தில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, இதென்ன?" என்று பதறியது சிகாமணி. "மழை கொட்டுகிறது. எல்லாரும் நனைகிறார்கள். ஒத்திகையை நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று ஒருமுறை மட்டும் நீயே போய்விட்டு வந்துவிடேன்."

மலையப்பனின் வாய்க்குள் 'சரிங்க' வந்து நின்றது. பிறந்ததிலிருந்து வந்து பழகிய வார்த்தை. அது கண்ணை ஒருமுறை சிமிட்டியது. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. அப்புறம், வாழ்க்கையிலேயே முதல்முறையாக,

"மாட்டேங்க," என்றது.

"மலையப்பா!"

"நான்தான் இல்லையே. இல்லாதவன்கிட்ட என்னங்க பேச்சு?"

சிகாமணிக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று தெரியாது. அது திரும்பிப் பார்த்தது. பின்னால் முத்தையன் ஏற்கெனவே முடிச்சைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது. தாண்டவராயன் கூடையில் பொதியை வைத்துக்கொண்டிருந்தது. இழுகொடியை ஒரு மான் பிடித்திருந்தது. சிகாமணி பேச ஆரம்பித்தால் அலகு காலியாக இருக்காது என்பதால் அலகேசன் அதற்கும் ஒரு மாற்று ஆள் பழக்கி வைத்திருந்தது.

"ஆகவே, அன்பார்ந்த வனவாசிகளே," என்று சிகாமணி கல்லின் மேல் நின்று தொண்டையைச் செருமியது, "இந்த எதிர்பாராத ஒத்திகைக்கு வருகை தந்திருக்கும் உங்கள் அனைவரையும்..."

அதற்குள் முதல் கூடை அக்கரையில் இறங்கிவிட்டது.

நீதி: எல்லாரும் நம்பியிருப்பவர் நலமாக இருக்கும்போதே, அவர் இல்லாமல் செய்து பழகிக்கொள்ள வேண்டும்.